மனு போட்ட மளிகைக்காரர்

மணவாள நகர் முனிகிருஷ்ணனுக்கு மளிகைக் கடை நடத்தத் தெரியாது. மனு எழுத நன்றாகத் தெரியும். அப்பா விட்டுப்போன கடையை இருபது வருஷமாக அப்படித்தான் ஓட்டினார். எதிரில் ஒருவன் டீக்கடை போட்டானா, புகை வருகிறது என்று மனு. சைக்கிளில் ஒருவன் மண்ணெண்ணெய் விற்க வந்தானா, லைசென்ஸ் இல்லை என்று மனு. இவர் கடையிலோ சர்க்கரைக்கு ரெண்டு விலை. போர்டில் எழுதியது இன்ஸ்பெக்டருக்கு, வாயால் சொல்வது ஊர் ஜனங்களுக்கு. வார விடுமுறை என்று முன்கதவைச் சாத்திவிட்டுப் பின்கதவில் பருப்பு அளந்த மகானும் இவர்தான். சட்டமெல்லாம் அடுத்தவனுக்குத்தானே!

எழுபத்தொன்றில் செங்கம்மாள் வந்தாள். பொதட்டூர்பேட்டையிலிருந்து புளியும் மிளகாயும் மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து, இவர் கடைக்குப் பத்தடி தள்ளி ரோட்டோரத்தில் சாக்கை விரித்தாள். பத்துக் காசுக்கு ஒரு கூறு. சாயங்காலம் கூலியோடு வருகிற பெண்களுக்கு அது போதும். முனிகிருஷ்ணன் நூறு கிராமுக்குக் குறைந்து தராசைத் தொடமாட்டார். மூன்று வருஷத்தில் சாயங்கால வியாபாரத்தில் பாதி அந்தச் சாக்குக்குப் போய்விட்டது. மனுஷனுக்கு வயிறு எரிந்தது. இப்படியே போனால் கடையை இழுத்து மூடவேண்டியதுதான் என்ற பயமும் பிடித்துக்கொண்டது. நாமும் கூறு கட்டி விற்றால் என்ன என்று மனைவி ஜானகியம்மாள் கேட்டாள். தராசு வைத்திருக்கிறவன் கூறு கட்டுவதாவது என்று அவள்மேல் எரிந்து விழுந்தார்.

கடைசியில் தனக்குத் தெரிந்த வேலைக்கே வந்தார். மூன்று வருஷம் என்று எழுதினால் பஞ்சாயத்து ஆபீஸில் எவன் அசைவான்? 'கடந்த எட்டு ஆண்டுகளாக, இதே இடத்தில், ஒருநாள் தவறாமல், லைசென்ஸ் இன்றி' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். நேரில் கண்ட சாட்சி நானே என்று கையெழுத்தும் போட்டு, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார்.

மறுமாதம் ஆபீஸ் வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ரோட்டோரக் கடைகளை அப்புறப்படுத்தப் போகிறார்களாம். முதல் நாலு வரியைப் படித்துவிட்டு, தன் மனுதான் பலித்தது என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தார். கீழே இருந்ததைப் படிக்கவில்லை. ஒரே இடத்தில் ஐந்து வருஷத்துக்கு மேல் விற்றவர்களுக்கு, அத்தாட்சி இருந்தால், லைசென்ஸும் அதே இடமும் உண்டு என்று போட்டிருந்தது.

செங்கம்மாளிடம் ஏது அத்தாட்சி? கேட்டுப் பார்ப்போம் என்று ஆபீஸுக்குப் போனாள். கிளார்க் ராஜமாணிக்கம் ஃபைலைப் புரட்டினார். முனிகிருஷ்ணனின் மனு அகப்பட்டது. உடனே அவரையும் கூப்பிட்டனுப்பினார்.

"இது உங்க கையெழுத்துதானே? எட்டு வருஷம்னு எழுதிக்கீறீங்க. பொய்யின்னா சொல்லிடுங்க, பொய் மனுவுக்கு உங்க மேல கேஸ் எழுதணும்" என்றார் கிளார்க்.

முனிகிருஷ்ணன் மனசுக்குள் கணக்குப் போட்டார். கேஸ் என்றால் கடைக்கு ஆள் வருவார்கள். சர்க்கரை மூட்டையையும் கிளறுவார்கள். செங்கம்மாளைப் பார்த்தார்.

"நெஜந்தான் சார்" என்றார். "எட்டு வருஷமா அங்கதான் குந்திக்கினு கீது."

"அப்ப சாட்சின்னு இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

போட்டார். வேறென்ன செய்வார்? கிளார்க் அப்போதே செங்கம்மாளுக்கு லைசென்ஸை எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் செங்கம்மாள் லைசென்ஸை முந்தானையில் முடிந்துகொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் வந்து மூணு வருஷந்தான் நைனா ஆவுது" என்றாள். "மீதி அஞ்சு வருஷம் நீ குடுத்தது. நல்லா இரு."

சொல்லிவிட்டுச் சாக்கை விரிக்கப் போய்விட்டாள். இனி அவளை அங்கிருந்து எழுப்ப முனிகிருஷ்ணனால் ஆகாது. மனு போட்டால், முதல் சாட்சியாக அவரைத்தான் கூப்பிடுவார்கள்.