நான் கோடு போட்ட கனவு வீடுகள்

பல் பிடுங்குகிறவரிடம் யாரும் மனசில் இருப்பதைச் சொல்வதில்லை. வீட்டுக்குப் பிளான் போடுகிறவரிடம் எதையும் மறைப்பதில்லை.

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கின் மேல்மாடியில் என் ஆபீஸ். கீழே டாக்டரைப் பார்க்க வந்தவர்கள் தவறிப்போய் மேலே ஏறி வருவதும் உண்டு. வருகிறவர் நோயாளியா, வீடு கட்டப் போகிறவரா என்று முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. இரண்டு பேரும் ஒரே மாதிரித்தான் இருப்பார்கள். உட்கார்ந்ததும் செல்போனை என் முன்னால் நீட்டினால் வீடு. அந்தப் போனில் எங்கெங்கோ பார்த்த படங்கள் இருக்கும். வாசல் கேரளாவில் எடுத்தது, மாடம் ராஜஸ்தானில் எடுத்தது, சமையலறை வெளிநாடு. எல்லாம் ஒரே வீட்டுக்குள் வர வேண்டும், வாஸ்துவும் கெடக்கூடாது. உங்களில் வீடு கட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் எதிர் நாற்காலியில் நீங்களும் உட்கார்ந்து, கூட வந்தவரை முறைத்திருப்பீர்கள்.

மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை

திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு ரிக் முதலாளி வந்தார். போர்வெல் போடும் வண்டியில் கூலிக்குப் போனவர், படிப்படியாகச் சொந்த வண்டி வாங்கியிருந்தார். போகாத மாநிலம் இல்லை. போன இடத்திலெல்லாம் ஒரு வீட்டைப் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறார். கேரளத்து ஓட்டுக்கூரை, ராஜஸ்தான் மாடம், குஜராத்தில் பார்த்த ஊஞ்சல் என்று வரிசையாகச் சொன்னார். அவர் மனைவிக்கு ஒரே ஆசைதான். படுக்கையறை பெரிதாக இருக்க வேண்டும். கல்யாணமானதிலிருந்து மாமியார் வீட்டில் ஒரு தடுப்புக்குப் பின்னால் படுத்த அம்மா அவர். ஹால் அளவுக்கு ஒரு படுக்கையறை போட்டுக் கொடுத்தேன். வீடும் முடிந்தது.

குடிபோன சில மாதங்களில் அந்த அம்மா போன் செய்தார். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை எடுக்க முடியுமா என்று கேட்டார். ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற நீளம் போதும், கூரை தாழ்வாக இருக்க வேண்டும், தலைமாட்டில் சின்ன ஜன்னல் வேண்டும் என்றார். விசாரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. வாலிபம் முழுக்க லாரி கேபினில் படுத்த மனிதருக்குப் பெரிய அறையில் தூக்கம் பிடிக்கவில்லை. வாசலில் நிற்கும் வண்டியில் போய்ப் படுத்துக்கொள்கிறார். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் போய் அளந்து, கேபின் அளவிலேயே ஓர் அறை எடுத்துக் கொடுத்தேன். முதல் நாள் அதில் படுத்தவர் வெயில் ஏறியும் எழுந்திருக்கவில்லையாம். அவ்வளவு பெரிய படுக்கையறையில் நீங்கள் மட்டுமா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"லாரிக்கு இது எவ்வளவோ தேவலைங்க மேடம். ஊட்டுக்குள்ள இருக்கறாருல்லங்க."

ஹாலில் அருவி

நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவர் ஹாலுக்குள் அருவி கேட்டார். ஒரு ஓட்டலில் பார்த்தாராம். ஈரம் ஏறும், கொசு வரும், வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். பண்ணையில் பகலெல்லாம் கோழி நாற்றத்தில் நிற்கிறவன், வீட்டுக்கு வந்தால் குற்றாலத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்க வேண்டாமா என்றார். கருங்கல் பதித்து, மோட்டார் வைத்து, ஒரு சுவர் முழுக்கத் தண்ணீர் வழிகிற மாதிரி செய்தோம். குடிபோகிற அன்று புண்ணியார்ச்சனைக்கு வந்தவர்களெல்லாம் அதன் முன்னால் நின்றுதான் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

மறு வருஷம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். மோட்டார் நின்றிருந்தது, கல் காய்ந்து கிடந்தது. ரிப்பேரா என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"ரிப்பேரெல்லாம் இல்லீங்க. வர்ற ஒறம்பரை சனமெல்லாம், உக்காந்த கொஞ்ச நேரத்துல பாத்ரூம் எங்கன்னு கேக்கறாங்க."

தறிக்குப் பக்கத்து வீடு

எடப்பாடியில் பத்துப் பன்னிரண்டு விசைத்தறி ஓட்டும் ஒருவர், தறிக்கூடத்தை ஒட்டியே வீடு கட்ட வந்தார். படுக்கையறை ஜன்னல் தறிப் பக்கம் திறக்க வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். ஒரு தறி நின்றால்கூடத் தூக்கத்தில் அவருக்குத் தெரிந்துவிடுமாம். மற்றதெல்லாம் சினிமாவில் வருகிற மாதிரி கேட்டார். வளைந்த படிக்கட்டு, கலர் கலராக லைட். கூட வந்த மனைவி முதல் இரண்டு தடவையும் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் தடவை கணவர் போன் பேசக் கீழே இறங்கியபோது, உங்களுக்கு என்ன வேண்டும் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். தனக்குச் சத்தம் இல்லாத வீடு வேண்டும் என்றார். சொன்னதே சத்தமாகத்தான் இருந்தது. தறிச் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசி, பிறந்த வீட்டுக்குப் போனாலும் ஏன் சண்டைக்கு வருகிறாய் என்று கேட்கிறார்களாம்.

அவர் திரும்பி வந்ததும், அந்த அம்மா அதையே அவர் முன்னாலும் சொன்னார். இவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். பிளானைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். பிறகு, வீட்டை மனையின் அந்தக் கோடிக்குத் தள்ளிப் போடச் சொன்னார். தறிக்கூடத்தில் கேமரா வைத்துப் போனில் பார்த்துக்கொள்கிறேன் என்றார். வளைந்த படிக்கட்டுக்கு இடம் பற்றவில்லை, அதையும் விட்டுக்கொடுத்தார். குடிபோன பிறகு ஒரு நாள், ஜன்னல் கொக்கி சரியில்லை என்று போன் செய்தவர், பேச்சை முடிக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தார். வேறென்ன என்று கேட்டேன்.

"இத்தன வருசத்துல இப்பத்தானுங்க தெரியுது, அவ சமையக்கட்டுல பாடுவாளாட்ட இருக்குது."

நடுச்சுவர்

ஆட்டையாம்பட்டி அண்ணன் தம்பி இருவர். பாகம் பிரித்ததில் பேச்சுவார்த்தை நின்றுபோனது. மனை குறுகலானதால் நடுவில் ஒரே பொதுச்சுவர், இரண்டு பக்கமும் இரண்டு வீடு. வேறு வேறு நாளில்தான் வருவார்கள். அண்ணன் வாசலுக்கு ஒரு வளைவு கேட்டால், அவர் என்ன கேட்டார் என்று தம்பி விசாரித்து இரண்டு வளைவு கேட்பார். அண்ணனுக்கு உருண்டைத் தூண் என்றால் தம்பிக்குச் சதுரம். கடைசியில் முகப்பின் ஒரு பாதி கோயில் மண்டபம் மாதிரியும், மறு பாதி துணிக்கடை மாதிரியும் இருந்தது. படத்தைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

சுவர் எழும்பிக்கொண்டிருந்தபோது, வேலை நடக்கிற இடத்திலேயே அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் பக்கம் நின்ற தம்பிதான் சுவரைத் தாண்டிக் குதித்து, அவரைத் தூக்கிக் காரில் போட்டு சேலத்துக்குக் கொண்டு வந்தார். கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம். அண்ணன் தேறிய பிறகு இருவரும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். நடுச்சுவரில் ஒரு கதவு வேண்டும் என்றார்கள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. தாழ்ப்பாள் எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன்தான் சொன்னார்.

"ரெண்டு பக்கமும் வெச்சிருங்க மேடம். எப்ப என்ன ஆகும்னு சொல்ல முடியாதுங்க."

மனை இல்லாத பிளான்

கீழே கிளினிக்கில் ஒரு நர்ஸ், ஆத்தூர்க்காரர். தங்கை தம்பியைப் படிக்கவைத்துக் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டு, தனக்கு என்று ஒன்றும் செய்துகொள்ளாதவர். ஒரு நாள் மேலே வந்து வீட்டுக்குப் பிளான் கேட்டார். சிவப்புத் தரை, நீலச் சமையலறை, மழை உள்ளே விழுகிற குளியலறை, இரண்டு பேர் காலை நீட்டி உட்காருகிற ஜன்னல். மனை அளவு என்ன என்று கேட்டேன். மனை இன்னும் வாங்கவில்லை என்றார். மனை இல்லாதவருக்கு நான் கோடு போடுவதில்லை. இவருக்குப் போட்டேன். ஏன் என்று இப்போதும் தெரியவில்லை. அவ்வப்போது டியூட்டி முடிந்து வந்து, சமையலறையைக் கொஞ்சம் கிழக்கே நகர்த்தச் சொல்வார். நகர்த்துவேன்.

போன வருஷம் ஒரு சாவியோடு வந்தார். ஒரு அபார்ட்மெண்டில் சின்னப் போர்ஷன் வாங்கியிருந்தார், ஓர் அறை, ஒரு சமையலறை. அந்தப் பிளானில் இதில் எது அடங்கும் என்று கேட்டார். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கோடிட்டு அடித்தோம். மழை போயிற்று, தரை ஏற்கனவே டைல்ஸ், சமையலறைக்குப் பெயிண்ட் அடிக்கவும் இடமில்லாமல் அலமாரி. ஜன்னலைப் பெரிதாக்க முடியாவிட்டாலும், உள்பக்கம் ஏறி உட்கார மரத்தில் ஒரு திண்டு போடலாம் என்றேன். ஆசாரி அழகாகச் செய்து கொடுத்தார். போய்ப் பார்த்தபோது, எதிர் மாடியின் தண்ணீர் டேங்குகளுக்கு நடுவே ஏற்காட்டு மலை கையகலம் தெரிந்தது. எனக்கு என்னவோ போல் இருந்தது. மற்ற எதுவுமே வரவில்லையே என்றேன். அவர் திண்டில் ஏறிக் காலை நீட்டிக்கொண்டு, காபி டம்ளரை என் பக்கம் தள்ளினார்.

"ஜன்னல் வந்துடுச்சுல்ல மேடம். மத்ததெல்லாம் இங்க உக்காந்து யோசிச்சுக்கறேன்."

வரைந்தபடியே கட்டி, கட்டியபடியே குடியிருக்கிற ஒரு குடும்பத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. பார்த்தால், கீழே டாக்டர் இருக்கிறார், ஒரு தடவை காட்டிவிட்டுப் போங்கள் என்றுதான் சொல்வேன்.