கன்னியம்மாள் கூப்பிட்டால் காக்கை வரும்

நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை குளத்தை விட்டு எழும் அத்தி வரதர், கூட்டமெல்லாம் பார்த்து முடித்து மறுபடி தண்ணீருக்குள் போனாரே, அதே வாரத்தில்தான் ஐயம்பேட்டையிலிருந்து ஆள் வந்தது. அங்கே தன் தங்கை வீட்டில் இருந்த கன்னியம்மாள் போய்விட்டாராம். நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் அவரை அறிந்தவர்கள் கேட்கட்டும் என்றுதான்.

திருப்புட்குழியில் பிறந்தவர். எங்கள் நெசவுத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு, புருஷன் போன பிறகு, தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சிப் பிழைத்தார். தனுஷ்கோடியைக் கடல் கொண்டதற்கு மறு வருஷம் காக்கைத் தொல்லை தாங்க முடியாமல் போயிற்று. விடியலில் தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவு நீட்டி, அரிசிக் கஞ்சி தெளித்து நீவுவோம். ஈரம் காய்வதற்குள் காக்கைகள் இறங்கி, ஒட்டின பருக்கையைக் கொத்தும். இழை அறும். எச்சம் பட்ட இடம் கறையாகும். எங்கள் தெரு நெசவாளி தேவராஜின் பாவு ஒன்று அப்படியே பாழாகி, முதலாளி அவனுக்கு வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

மருந்து வைத்துவிடலாம் என்று ஆண்கள் பேசினோம். கன்னியம்மாள்தான் தடுத்தார். “பசிக்குத்தானபா வருது. முன்னாடியே வேற எடத்துல போட்டுட்டா இங்க இன்னாத்துக்கு வரப்போவுது?”

“மனுசனுக்கே ரேஷன்ல அரிசி இல்ல. இந்தம்மா காக்காய்க்குப் படி அளக்குதாம்” என்றான் தேவராஜ்.

“அவங்க ஊர் கோயில் கதையில செத்த கழுகுக்கே பெருமாள் கொள்ளி வச்சாராம். இது காக்காய்க்குச் சோறாவது வைக்காதா?” என்றான் என் தம்பி மாணிக்கம்.

“உனக்கும் வைக்கிறேன். வரிசையில வந்து குந்து” என்றார் கன்னியம்மாள்.

அவர் வைத்தது அரிசி அல்ல. கஞ்சியை வடிகட்டினால் துணியில் நிற்குமே, அந்தத் திப்பி. நாங்கள் பாவு நீட்டுமுன்பே தெருக்கோடிக் குளத்தின் படித்துறையில் அதைக் கொட்டி, “வாங்கடி, வாங்கடி” என்று கூப்பிடுவார், தோழிகளைக் கூப்பிடுவது போல. கொஞ்ச நாளில் படித்துறை கறுத்துக் கிடக்கும். எங்கள் தலைக்கு மேல் வானம் காலியாக இருக்கும்.

எல்லாக் காக்கையும் அங்கே போய்விடவில்லை. தேவராஜ் காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கி வந்த புதுப் பாவில் ஒருநாள் ஒன்று வந்து உட்கார்ந்தது. இழை போயிற்று. அன்று சாயங்காலம் அவன் கன்னியம்மாள் வாசலில் இருந்த திப்பிச் சட்டியில் எலி மருந்தைக் கலந்துவிட்டான்.

மறுநாள் விடிந்ததும் அவர் வழக்கம் போல் கொட்டினார், கூப்பிட்டார். வந்து தின்றன. சத்தம் கேட்டு நாங்கள் ஓடியபோது படியெல்லாம் சிறகு அடித்துக்கொண்டிருந்தது. ஒன்றைத் தூக்கி மடியில் வைத்துத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார். அது கழுத்தைத் தொங்கப் போட்டுவிட்டது.

“நான்தான் கலந்தேன். என் பாவுக்கு யார் பதில் சொல்றது?” என்றான் தேவராஜ்.

கன்னியம்மாள் அவனைத் திட்டவில்லை. “மருந்து வச்சது நீ. கூப்ட்டது நான்தானபா. என் கொரல நம்பி வந்துச்சுங்க” என்றார்.

மகாளய அமாவாசை வந்தது. இலை போட்டுச் சோறு வைத்து, தெருவே கூரையைப் பார்த்துக் கத்தியது. ஒரு காக்கைகூட வரவில்லை. குழந்தைகள் பசியில் அழுதார்கள். அப்பனுக்கு வைத்த சோறு ஈ மொய்க்க, தேவராஜ் கன்னியம்மாள் வாசலில் போய் நின்றான். “நீ கூப்டா வரும்கா.”

“வரும். அதனாலதான் கூப்ட மாட்டேன்” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் குரல் கொடுத்துக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கஞ்சி பதம் வந்தால் பக்கத்தில் வந்து, நாம் திரும்பும் வரை நிற்பார். ஐயம்பேட்டைக்குப் போன அன்றும் அப்படித்தான் வந்து நின்றார். நான் திரும்பிப் பார்த்ததும் போய்விட்டார்.

அவருடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த “வாங்கடி” மட்டும். நினைத்தால் நெஞ்சு ஆறுவதில்லை. மாணிக்கம் போய்விட்டான். அன்று என்னோடு படித்துறைக்கு ஓடி வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். எனக்கும் நாள் நெருங்கிவிட்டது. அந்தக் குரலைக் கேட்டவன் என்று இனி இந்தத் தெருவில் இருக்கப்போவது தேவராஜ் ஒருவன்தான்.