வைரவன் சாரின் இடது ஷூ

கீரனூரில் டீ குடித்துக்கொண்டு நின்றபோது பஸ் கண்டக்டர் வந்து சொன்னார்: "ஒங்க கோச் வைரவன் சார் காலையில போயிட்டாருங்க." அதே பஸ்ஸில் புதுக்கோட்டைக்கு ஏறினேன்.

அவரிடம் ஃபுட்பால் பழகிய உங்களுக்கு நான் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறேன்? சமஸ்தான காலத்தில் ஓட்டம், நீளம் தாண்டுதல், ஹாக்கி, ஃபுட்பால் என்று எதையும் விட்டுவைக்காதவர். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த கையோடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கோச் ஆனார். ஏன் என்று கேட்டால், "பேசவா வந்தீங்க? ஓடுங்க" என்பார். நாமெல்லாம் வெறுங்காலோடு ஆட, அவர் மட்டும் கேன்வாஸ் ஷூவைக் கழற்றவே மாட்டார். துரை என்று முதுகுக்குப் பின்னால் கேலி செய்வோம். அந்தத் துரைதான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பு மண்டியிட்டு நம் உள்ளங்கால்களை அழுத்திப் பார்ப்பார்.

திருச்சி அணியோடு நாங்கள் ஆடிய இறுதி ஆட்டத்துக்கு, ஆள் எடுக்க ஒரு மில் அதிகாரி வந்திருந்தார். நன்றாக ஆடினால் மில்லில் வேலை. பத்தாவது தேறாத எனக்கு வேறு வழி கிடையாது. ஆனால் சரளைக்கல் கிழித்த இடது உள்ளங்காலில் மூன்று நாளாகச் சீழ். செம்மண்ணைப் பூசி மறைத்திருந்தேன். சாரின் விரல் அங்கே வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் இன்னும் அழுத்தினார். வெளியே முதல் விசில் ஊதிவிட்டார்கள்.

"வலிக்குதா?"

"இல்லங்க சார்."

மற்றவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். இடது ஷூவை அவிழ்த்தார். அந்தக் காலில் பெருவிரல் இல்லை.

"நானும் இல்லன்னுதான் சொன்னேன். சமஸ்தானத்துக் கடைசிப் போட்டி, விட மனசில்ல. தாண்டுனேன், கப்பும் வாங்குனேன். பத்தாம் நாளு ஆஸ்பத்திரியில வெரல எடுத்துட்டாங்க. இப்பச் சொல்லு, ஆடுறியா?"

இரண்டாவது விசில் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

தோற்றோம். மில் வேலை வேறொருவனுக்குப் போனது. ஆடியிருந்தால் காலுக்கே ஆபத்து என்று புண்ணைக் கீறிய டாக்டர் சொன்னார். இருந்தும் இரண்டு வருடம் சாரோடு பேசவில்லை. அவ்வளவு கோபம் எனக்கு. ஆனாலும் அவர் காலைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்ட வந்தவர், துணியும் கையுமாகத் திகைத்து நின்றார். கூட்டம் முணுமுணுத்தது.

"இங்கிட்டு குடுங்க" என்று வாங்கி, அடுத்த விரலோடு சேர்த்து நானே கட்டினேன்.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது குனிந்து பார்த்தேன். விரல் பத்தும் இருந்தன. சார் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது அதுதான்.