எட்டு நாள் தொங்கவேண்டிய பறவை

புஸ்பராணி கத்தியை வாயில் கவ்விக்கொண்டு, யன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கயிற்றை எட்டிப் பிடித்தாள். நான்கு நாட்களாகக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த பறவை, கயிற்றை அறுத்ததும் கையோடு வந்தது. வயிற்றுப் பக்கத்து இறகை விலக்கி விரலால் அழுத்திப் பார்த்தாள். தோல் பச்சையாகியிருந்தது. அழுத்திய குழி அப்படியே நின்றது.

எதிர் அறைச் சாரதாதேவி வாசலில் வந்து நின்றாள். நாளைக்கு வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற இடம்வரை நாற்றம் வருகிறது என்று காலையிலிருந்து இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனவள். அறுந்த கயிற்றைப் பார்த்ததும் வேறு கதைக்குத் தாவினாள்.

"அந்தாள் எட்டு நாள் எண்டெல்லோ சொன்னது?"

"எட்டு நாள் விட்டால் புழுதான் தின்னும்."

"பிறகு கடிதம் தராட்டி?"

புஸ்பராணி தரையில் செய்தித்தாளை விரித்துப் பறவையை அதில் வைத்தாள். கடிதத்துக்காகத்தான் அறுத்தாள்.

ரூ பஜோல் என்ற தெருவில் அவளும் கணவன் யோனும் இருந்த அறை வேறொருவன் பெயரில் இருந்தது. அவர்கள் அங்கே இருப்பதற்கு எழுத்தில் ஒன்றும் இல்லை. யோனின் அகதி வழக்கு முடியும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தற்காலிகக் கடதாசியைப் புதுப்பிக்கவேண்டும். அதற்கு, இவர்கள் என் வீட்டில் இருக்கிறார்கள் என்று யாராவது எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். ரேமண்ட் வைத்தார். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், பட்டாளத்தில் இருந்துவிட்டு இப்போது ஒரு அலுவலகத்தில் வேலை. நகருக்கு வெளியே ஸ்தேனில் வீடு. இரண்டு முறை எழுதித் தந்திருக்கிறார். முதல் முறை அவள் முயல் சமைத்துக் கொடுத்த அன்று. அடுத்தமுறை காட்டுத் தாரா வாத்து. இதை ஒப்பந்தம் என்று யாரும் சொன்னதில்லை.

அவருடைய மனைவி மரி-லூயிஸ் தன் குசினிக்குள் இறகையும் இரத்தத்தையும் விடமாட்டாள். ஞாயிறு பூசை முடிந்து தேவாலயத்துக்கு வெளியே நின்றபோது, தனக்கு இந்த வேலை தெரியும் என்று புஸ்பராணி ஒருமுறை சொல்லிவிட்டாள். அது போதுமாக இருந்தது. ஊரில், முருங்கனில், அவளுடைய சித்தப்பாவிடம் துவக்கு இருந்தது. பன்னிரண்டு வயதில் உரிக்கிற வேலை அவள் தலையில் விழுந்தது, மற்றவர்கள் மறுத்ததால். அந்த வேலையை அவள் விரும்பியதில்லை. அங்கே ஒரே ஒரு விதிதான்: சுட்டது பொழுதுபட முன்னர் சட்டிக்குள் இருக்கவேண்டும்.

இந்தப் பறவை போன ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளில் சுற்றி வந்தது. பெசான் என்றார் ரேமண்ட். அவள் காட்டுக்கோழி என்றாள். சுட்டவர் அவருடைய மேலதிகாரி ழான்-லூக். வருகிற ஞாயிறு சாப்பிட வரப்போகிறவரும் அவர்தான். இறகு பிடுங்காமல், குடல் எடுக்காமல் எட்டு நாள் குளிரில் தொங்கவிடவேண்டும், அப்போதுதான் இறைச்சி பதமாகும், பிரெஞ்சுக்காரர் அப்படித்தான் சாப்பிடுவார்கள் என்று சொல்லிக்கொடுத்தார். அவர் பகிடி விடுகிறார் என்று முதலில் நினைத்தாள்.

இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் மணம் தொடங்கியது. நான்காம் நாள் அவளுக்கு ஒன்று தெளிவானது. இதைத் தின்று அந்த மேலதிகாரிக்கு வயிற்றால் போனால் ரேமண்ட் இனி ஒருநாளும் கையெழுத்து வைக்கமாட்டார். திங்கட்கிழமை யோனின் கடதாசி முடிகிறது.

கொதிநீரை ஊற்றினால் தோல் கழன்றுவிடும் என்று உலரவே பிடுங்கினாள். காஸ் நெருப்பில் பிடித்து மிச்ச மயிரைப் பொசுக்கினாள். தீனிப்பையில் சோளம் அப்படியே கிடந்தது. சுட்ட சன்னம் ஒன்று குடலைக் கிழித்திருந்தது, பச்சை அதனால்தான். குடலை மூன்று பைகளில் சுற்றினாள். உப்பும் மஞ்சளும் போட்டு மூன்று தண்ணீரில் கழுவினாள். பிறகு வெட்டிய துண்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவி ஈயச் சன்னங்களைத் தேடி எடுத்தாள். ஏழு. வினாகிரி ஊற்றி மூடி யன்னல் விளிம்பில் வைத்தாள். இப்போது அதில் கெட்ட நாற்றம் இல்லை.

ஞாயிறு காலை, காய்ந்த தேங்காய்ப்பூவைச் சுடுநீரில் ஊறவைத்துப் பிழிந்து பால் எடுத்துச் சமைத்தாள். கடைசியில் இறைச்சிச் சரக்குத்தூள் தூவினாள். யோன் சட்டியைத் திறந்து பார்த்தான்.

"கடிதத்தை முதல்ல வாங்கும். பிறகு பரிமாறும்" என்றான்.

அப்படிச் செய்ய ஏலாது என்று அவனுக்கும் தெரியும்.

சட்டியைத் துவாயில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு, மெத்றோவிலும் பஸ்ஸிலும் ஸ்தேனுக்குப் போனாள். குசினியில் ரேமண்ட் மூடியைத் திறந்து முகர்ந்தார். குளிர்ப்பெட்டியின் மேலே கடிதம் இருந்தது. எழுதி முடித்திருந்தது. கையெழுத்து மட்டும் இல்லை. அதன் மேல் பேனா.

"எத்தினி நாள் தொங்கிச்சு?"

"நாலு நாள், ஐயா. பழுதாப்போகும் எண்டு பயந்திட்டன்."

"அது நாத்தம் இல்லம்மா, ருசி. அதைக் கத்துக்க எனக்கு முப்பது வருஷம் ஆச்சு. உனக்கு எட்டு நாள் பொறுக்க முடியல."

மூடியைப் போட்டுவிட்டு விருந்தாளியிடம் போனார்.

ழான்-லூக் வியர்த்து வடியச் சாப்பிட்டார். இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். தட்டில் மிஞ்சிய குழம்பைப் பாண் துண்டால் துடைத்தார். எலும்பைக் கையில் எடுத்தபடி ரேமண்டிடம் என்னவோ கேட்டார். எட்டு நாள் என்றார் ரேமண்ட். புஸ்பராணிக்குப் பிரெஞ்சில் தெரிந்தது எண்கள்தான். பொபினியில் கடதாசி கொடுக்கும் அலுவலக வரிசையில் இலக்கம் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு நூறுவரை பாடம். ழான்-லூக் தலையாட்டினார். வாயில் வைத்ததுமே தெரிகிறது என்றாராம், அதை மரி-லூயிஸ் அவளுக்குத் தமிழில் சொன்னாள்.

தான் நாலே நாளில் அறுத்த பிழையை மறைக்க ரேமண்ட் பொய் சொல்கிறார் என்று புஸ்பராணி நினைத்தாள். தனக்காக இன்னொருவர் மேலதிகாரியின் முன்னால் பொய் சொல்வது சரியில்லை. குழம்புக் கோப்பையை மேசையில் வைத்தாள். தன் நெஞ்சைத் தொட்டு, "காத்ர்" என்றாள். நான்கு விரலையும் காட்டினாள்.

ழான்-லூக் அவளைப் பார்த்தார். ரேமண்டைப் பார்த்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து ரேமண்டின் முதுகில் அறைந்தார். மரி-லூயிஸும் சிரித்தாள். ரேமண்ட் கடைசியாகச் சிரித்தார். ழான்-லூக் மூன்றாம் முறையும் போட்டுக்கொண்டார். சட்டியில் மிச்சமில்லை.

அவள் சட்டியைக் கழுவும்போது ரேமண்ட் குசினிக்குள் வந்தார். குளிர்ப்பெட்டியின் மேலிருந்த கடிதத்தை நான்காக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"அடுத்த வாரம் பாக்கலாம்."

"ஐயா, நாளைக்குத்தான் கடைசி நாள்."

"உனக்கு நாலும் எட்டும் ஒண்ணுதானே. நாளைக்கும் அடுத்த வாரமும் மட்டும் வேறயா?"

மரி-லூயிஸ் ஒரு கேக் துண்டைத் தாளில் சுற்றி வெறும் சட்டிக்குள் வைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் யோன் காலை ஐந்து மணிக்குப் பொபினியில் வரிசையில் நின்றான். எண்பத்திமூன்றாம் இலக்கம் கிடைத்தது. பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள். கடிதம் கேட்டார்கள். இல்லை என்றான். கடிதத்தோடு வரச் சொன்னார்கள். மெத்றோவில் பொலிஸார் கடதாசி பார்ப்பார்கள் என்பதால் லா சப்பலில் இருந்த அறைக்கு நடந்தே வந்தான். பாத்திரம் கழுவும் வேலைக்குப் பிந்திவிட்டது, போகவில்லை. புஸ்பராணி வழக்கம்போலத் தான் துப்புரவு வேலை செய்யும் அலுவலகத்தில் இரண்டு மாடிகளைத் துடைத்துவிட்டு வந்தாள். கேக் துண்டை இருவரும் சாப்பிட்டார்கள். மாலை ஐந்து மணிக்குக் கீழே பலசரக்குக் கடையில் அவளுக்குத் தொலைபேசி வந்தது. மரி-லூயிஸ் பேசினாள். ழான்-லூக் சந்தோஷமாகப் போனாராம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பறவைகள் தருவாராம். இந்த முறை எட்டு நாள், தொடக்கூடாது என்றாள். கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. புஸ்பராணியும் கேட்கவில்லை. ஓம் என்றாள். மேலே வந்து பார்த்தாள், யன்னலுக்கு வெளியே ஆணி ஆடியது. சப்பாத்தால் அடித்து இறுக்கினாள். பழைய கயிறு அறுத்ததில் கட்டையாகியிருந்தது. வேறு கயிறு எடுத்துக் கட்டினாள்.