மூன்று விரல் தக்கடி

மதுரை காஜிமார் தெருவுக்குப் பின்னால் உள்ள சந்தில் வந்து ஜெயினம்பு வீடு எது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டுவார்கள். அந்தப் பெயரில் அங்கே நாலு பேர். இடியாப்பக்கார ஜெயினம்பு என்று கேட்டால்தான் சரியான கதவில் கொண்டுபோய் விடுவார்கள். வயசு இருபத்தாறு. பிள்ளை கிடையாது. புருஷன் அப்துல் வஹீது ரங்கூனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். விடியுமுன் மாவு பிசைந்து, இடியாப்பம் அவித்து, சந்து முழுக்க விற்று முடிப்பது அவள் பிழைப்பு.

அவளுக்கு வலது கை மோதிர விரல் பாதிதான் உண்டு. ஏழு வயசில் கிணற்று ராட்டினத்தில் கயிறோடு சேர்ந்து போனது. அதற்காக அவள் எந்த வேலையையும் ஒதுக்கியதில்லை. யாராவது பாவம் என்று சொல்லிவிட்டால் மட்டும் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

கல்யாணமான புதிதில் புருஷன் வீட்டில் அவள் முதன்முதலாகச் சமைத்தது தக்கடி. வறுத்த அரிசி மாவைப் பிசைந்து, கைக்குள் வைத்து அமுக்கிக் கொழுக்கட்டையாக்கி, குழம்பில் போட்டு வேகவிடுவது. எல்லாப் பெண்கள் பிடிப்பதிலும் நாலு விரல் தடம் விழும். இவள் பிடித்ததில் மூன்றுதான் விழுந்தது, இடையில் ஒரு மேடு. நாத்தனார்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வஹீது ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன், குழம்பு தங்குறதுக்கு மூணு பள்ளம் பத்தாதாக்கும்?" என்று கேட்டு வாயில் போட்டுக்கொண்டார். அந்த ஒரு பேச்சுக்காகவே அவருக்கு எத்தனை வருஷம் வேண்டுமானாலும் காத்துக் கிடக்கலாம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. காத்துக் கிடக்கத்தான் விதித்திருந்தது.

நாற்பத்திரண்டில் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. கப்பல் கிடைக்காதவர்கள் காடு மலை வழியே நடந்தே வந்தார்கள். வந்தவர்கள் வாய்வழியாக வைகாசியில் ஒரு சேதி வந்தது: மதுரை அப்துல் வஹீது வழியில் வாந்திபேதி கண்டு இறந்துபோனார்.

எந்த அப்துல் வஹீது? இந்தச் சந்தின் கொடுமையே அதுதான். எட்டு வீடு தள்ளி இருந்த சபுராவின் புருஷனும் அப்துல் வஹீதுதான். ஒரே கப்பலில் போனவர்கள், ஒரே கடையில் வேலை, உயரம்கூட ஏறக்குறைய ஒன்று. ஊரில் ஒருவர் பெரிய வஹீது, ஒருவர் சின்ன வஹீது. ரங்கூன் ரோட்டில் யாருக்கு அது தெரியும்?

அன்றிலிருந்து இரண்டு பெண்களும் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். சண்டை ஒன்றும் இல்லை. அதுவரை ஒருத்தி வீட்டு உலக்கையில் இன்னொருத்தி மாவு இடித்தவர்கள்தான். இப்போது ஒருத்தி முகத்தை ஒருத்தி எப்படிப் பார்ப்பது? தொழுதுவிட்டுக் கையேந்தும்போது ஜெயினம்பு என்ன கேட்டாள் என்பது அல்லாவுக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். கேட்டுவிட்டு, "சீ, நீயெல்லாம் மனுசியா" என்று தன்னையே திட்டிக்கொள்வாள். மறுநாளும் அதையேதான் கேட்பாள். இத்தா இருந்து துக்கம் காக்கவும் முடியாமல், புருஷன் வருவார் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாமல் நாற்பது நாள் ஓடியது.

ஒரு நாள் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்த நேரத்தில், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் சேக் இஸ்மாயில் வாசலில் நின்று செருமினார். கூட ஒரு ஆள். கன்னம் ஒட்டி, காலில் துணி சுற்றி, கம்பை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"ஜெயினம்பு, இவரு பேரு ஜலால். ராமநாதபுரம் பக்கம். வஹீதை அடக்கம் பண்ணும்போது கூட இருந்தவரு. மத்தியானமே சபுரா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். ஒண்ணும் வெளங்கலை. ராத்திரி ரயிலுக்கு ஊருக்குப் போறாரு. நீயும் கேட்டுக்கம்மா."

அவள் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றாள். கேட்க வேண்டியது ஆயிரம். ஆனால் வாயில் வந்தது வேறு.

"சாப்பிட்டாகளா அண்ணே?"

"இல்லம்மா. அந்தப் புள்ள அழுத அழுகையில யாரு சோத்தை நினைச்சா? நாங்க எந்திரிச்சு வந்துட்டோம்."

"அப்ப உக்காரச் சொல்லுங்க. சாப்பிட்ட பெறகு சொல்லட்டும். வந்த மனுசன் வெறும் வயித்தோட அந்தச் சேதியைச் சொல்லவேணாம்."

விருந்தாளிக்கு மரியாதை என்று மோதினார் நினைத்திருப்பார். அதுவும் உண்மைதான். இன்னும் கொஞ்ச நேரம் புருஷனை உயிரோடு வைத்துக்கொள்ளலாம் என்பதும் உண்மை.

"காரம் ஆகாதும்மா எனக்கு. வயிறு தாங்கலை," என்றான் ஜலால், மெதுவாக.

வீட்டில் கறி இல்லை. அரிசி விற்ற விலையில் சோறு வடிக்கவும் வழியில்லை. இடியாப்பத்துக்கு வறுத்து வைத்த மாவு இருந்தது, அரை மூடித் தேங்காயும் நாலைந்து சின்ன வெங்காயமும் இருந்தன. போதும். அடுப்பில் சுள்ளியைத் தள்ளி ஊதினாள். தேங்காயைத் துருவி, ஒரு பிடியை ஒதுக்கிக்கொண்டு மீதியைப் பிழிந்தாள். முதல் பாலைத் தனியே மூடிவைத்தாள். இரண்டாம் பாலில் தண்ணீர் கலந்து, ரம்பை இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டு அடுப்பில் ஏற்றினாள். வெங்காயத்தையும் ஒதுக்கிய துருவலையும் மாவில் போட்டு, உப்புப் போட்ட கொதிநீரை ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்தாள். ஒரு உருண்டை எடுப்பது, ஒரு அமுக்கு, கொதிக்கிற பாலில் போடுவது. அந்தக் கைக்கு யோசனையே வேண்டியதில்லை. மனசு மட்டும், சபுராவோடதா இருக்கட்டும், சபுராவோடதா இருக்கட்டும் என்று ஒவ்வொரு பிடிக்கும் சொல்லிக்கொண்டே இருந்தது. வெந்து மேலே வந்ததும் முதல் பாலை ஊற்றி, கொதி வருமுன் இறக்கினாள்.

கிண்ணத்தில் ஊற்றித் திரைக்கு வெளியே வைத்தாள். மோதினார் எடுத்துக் கொடுத்தார்.

ஜலால் பாலை முதலில் குடித்தான். "அல்ஹம்துலில்லாஹ்" என்றான். எத்தனையோ நாளுக்குப் பிறகு வயிற்றுக்கு இதமாக ஒன்று இறங்கியது அவன் குரலில் தெரிந்தது. பிறகு கொழுக்கட்டை ஒன்றை எடுத்தவன் கடிக்காமல் நிறுத்திவிட்டான்.

"என்ன தம்பி, உப்பு பத்தலையா?" மோதினார் கேட்டார்.

"இதைப் பிடிச்சது யாரு?"

"வேற யாரு? இந்தப் புள்ளதான்."

ஜலால் ஒரு கொழுக்கட்டையை விரல் நுனியில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"எட்டு நாளு கூட நடந்தோம்ணே. அவரு அதிகம் பேச மாட்டாரு. பேரைச் சொன்னாரு, மதுரைன்னாரு, அம்புட்டுத்தான். சம்சாரம் பேரு கேட்டா எந்த ஆம்பளை அந்நியன்கிட்டச் சொல்லுவான்? வீட்டுல, வீட்டுலன்னுதான் சொன்னாரு. ஒரு ஊருல கொஞ்சம் மாவு குடுத்தாக. பால் டின்னுல தண்ணியைக் காயவச்சு அவருதான் கொழுக்கட்டை பிடிச்சாரு. மோதிர விரலை மட்டும் தூக்கி வச்சுக்கிட்டு, மூணு விரலாலயே பிடிச்சாரு. கையில எதும் காயமாண்ணே, ஏன் இப்படிப் பிடிக்கிறீகன்னு கேட்டேன். காயமெல்லாம் இல்ல, எங்க வீட்டுல இப்படித்தான்னாரு. சிரிச்சாரு. அந்த எட்டு நாள்ல அவரு சிரிச்சது அப்ப ஒரு தடவைதான்."

மோதினாருக்கு ஒன்றும் ஓடவில்லை. அவர் கிண்ணத்தையும் ஜலாலையும் மாறி மாறிப் பார்த்தார்.

திரை அசைந்தது. உள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது. மாவு காய்ந்த வலது கை. விரித்துக் காட்டியபடி அப்படியே நின்றது.

ஜலால் பார்த்தான். கொழுக்கட்டையைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். "இன்னா லில்லாஹி," என்று இறப்புச் சேதிக்குச் சொல்வதை மோதினார் ஓதத் தொடங்கினார்.

"கடைசியா எதும் சொன்னாகளா?" திரைக்குள்ளிருந்து கேட்டாள்.

"வீட்டுல சொல்லிருன்னாரு. எந்த வீடுன்னு கேக்கறதுக்குள்ள நெனவு தப்பிருச்சும்மா. ஜனாஸா தொழுதோம். ஆறு பேரு இருந்தோம். நல்ல மேடாப் பார்த்துத்தான் அடக்கம் பண்ணினோம், தண்ணி ஏறாது."

"மிச்சத்தையும் சாப்பிட்டுப் போங்க," என்றாள் ஜெயினம்பு. அவன் சாப்பிட்டான். கிண்ணத்தில் இருந்ததை ஒன்று விடாமல் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தான்.

சேதி எட்டு வீடு போக எவ்வளவு நேரமாகும்! மஃரிப் பாங்கு சொல்லுமுன் சபுரா தலையில் முக்காடு நிற்காமல் ஓடிவந்தாள். அடுப்படியில் சுவரோடு சாய்ந்து கிடந்தவளின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைய மன்னிச்சிரு ஜெயினம்பு. நாற்பது நாளா உன் வீடா இருக்கட்டும்னு துவா கேட்டேன். பாவி, வாய் கூசாமக் கேட்டேன்."

ஜெயினம்பு அதுவரை அழவில்லை. இப்போது அழுகை வந்தது. சபுராவின் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நானும் அதைத்தாண்டி கேட்டேன். உன் வீடா இருக்கட்டும்னு. இப்பக்கூட, மாவு பிடிக்கும்போதுகூட."

இரண்டு பேரும் வெகுநேரம் அழுதார்கள். சபுராவும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. சட்டியில் நாலைந்து கொழுக்கட்டை மிச்சம் கிடந்தது. பால் ஆறிப்போயிருந்தது. சபுரா ஒன்றை எடுத்து ஜெயினம்பு வாயில் வைத்தாள். "சாப்பிடு. இனி மூணு நாளைக்கு நீ அடுப்பு மூட்டக் கூடாது. நான் கொண்டாரேன்," என்றாள்.

ஜெயினம்பு மென்று விழுங்கினாள். பிறகு இன்னொன்றை எடுத்துச் சபுராவுக்குக் கொடுத்தாள்.