வீட்டுக்குப் போன புத்தகம்

ஒன்பது கல்லூரி நூலகங்கள் ஒன்று சேர்ந்து, உன் புத்தகம் என் புத்தகம் என்று பாராமல் கொடுத்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. அதில் ஒரு நூலகத்தின் இரவல் மேசைக்கு மகாராணி 'வரும்வரும்' அக்கா. யார் எதைக் கேட்டாலும் "வரும், வரும்" என்பாள். சொன்னபடி அது வேன் ஏறி வந்தும் விடும். அந்தப் பெருமையில் அக்காவுக்குத் தலைகால் புரியாது.

ஆனால் வெளியிலிருந்து வந்த புத்தகத்தை வாசிப்பு அறையை விட்டு நகர்த்தக் கூடாது. அது கொடுக்கிற கல்லூரியின் விதி என்று அக்கா கண்டிப்பாக இருந்தாள். எவர் கைப்பையிலாவது ஒன்று நழுவினால் வாசல்வரை துரத்திப் பிடிப்பாள்.

ஒரு நாள் மாலை ஐந்து மணிக்கு நூலகத்தை மூடிவிட்டு அவள் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, மூச்சு வாங்க ஓடி வந்தாள் ஒரு நர்ஸ். ஆஸ்பத்திரி வேலையோடு மேல்படிப்பும் படிக்கிறவள். இரண்டு முறை கோட்டை விட்ட தேர்வு. இந்த முறையும் போனால் படிப்பிலிருந்தே பெயரை நீக்கிவிடுவார்கள்.

"உன் புத்தகம் எப்பவோ வந்தாச்சேம்மா!" என்றாள் அக்கா, மிடுக்காக.

"புத்தகம் வந்துடுச்சுக்கா. என்னாலதான் வர முடியல. எனக்கு ட்யூட்டி முடியறதே அஞ்சு மணிக்கு. சாமி வரம் குடுத்தும் பூசாரி குடுக்கலேன்னா நான் என்ன பண்றது?"

பூசாரி யார் என்பது அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று சோறு இறங்கவில்லை. காலையில் முதல் வேலையாக, புத்தகம் அனுப்பிய கல்லூரிக்குப் போன் போட்டாள். அங்கே இருப்பவர் ஒரு சிடுமூஞ்சி. முகம் பார்க்காமலே வருஷக்கணக்காக இருவருக்கும் போனில் சண்டை.

"ஒரே ஒரு தடவை, வீட்டுக்குக் குடுத்து அனுப்பட்டுமா சார்? உங்க விதிதான், தெரியும்..."

"எங்க விதியா? அது நீங்க போட்ட விதின்னு நெனச்சுதானே நாங்க பல்லைக் கடிச்சிட்டு இருக்கோம்!"

அக்கா மற்ற கல்லூரிகளிலும் விசாரித்தாள். ஒன்பது பேரும், அடுத்தவர் போட்ட விதி என்று நம்பி, யாரும் போடாத விதிக்குக் காவல் காத்திருக்கிறார்கள்! ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்றைக்கோ தீர்ந்திருக்கும்.

அன்று மாலை, பூட்டிய கதவுக்கு வெளியே புத்தகத்தோடு அக்காவே காத்து நின்றாள். நர்ஸ் அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

நர்ஸ் தேறிவிட்டாள். சேதி கேட்டு அக்கா போட்ட கூச்சலில் வாசிப்பு அறையே திரும்பிப் பார்த்தது. மறுநாள் சிடுமூஞ்சி போன் செய்தார்.

"பரீட்சைதான் முடிஞ்சிருச்சே, எங்க புத்தகம் எங்கம்மா?"

"அவகூட வேலை பாக்கற இன்னொரு நர்ஸும் பரீட்சைக்குப் படிக்கறா, அவ வீட்டுல இருக்கு சார்," என்றாள் அக்கா. "வரும், வரும்."