மகளை அழைக்கப் போன வண்டி

கொடைக்கானலில் டாக்ஸி ஓட்டுகிறவன் பாதிப் பொழுது வண்டிக்குள் இருப்பான், மீதிப் பொழுது வண்டிக்கு அடியில் கிடப்பான். வளைவும் பள்ளமும் சேர்ந்து சஸ்பென்ஷனைத் தின்றுவிடும். ஒர்க்‌ஷாப் பக்கம் போகாமல் வீட்டு வாசலிலேயே கழற்றி மாட்டும் வியாதி உங்களுக்கும் இருந்தால், என் வெட்கம் உங்களுக்குப் புரியும். இந்த முறை அவசரமும் சேர்ந்துகொண்டது. பூம்பாறையில் கட்டிக்கொடுத்த என் மகள் கலாவுக்கு வளைகாப்பு. முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு அவளை என் வண்டியில்தான் அழைத்து வருவேன் என்று ஸ்டாண்டில் எல்லோரிடமும் பெருமையடித்திருந்தேன்.

சத்தம் எந்தப் பக்கம்?

முன்பக்கத்தில் லொடக் லொடக்கென்று ஒரு சத்தம். உள்ளே இருப்பவனுக்கு அது எந்தச் சக்கரம் என்று பிடிபடாது. அதனால் என் மனைவி செல்வியை வண்டியோடு நடந்துவரச் சொல்லி, தெரு இறக்கத்தில் மெதுவாக ஓட்டினேன். அவள் குனிந்து காதைக் கொடுத்தபடி வந்தாள். தெருவே வேடிக்கை பார்த்தது. இடது பக்கம் என்று அவள் கண்டுபிடித்த நேரத்தில் பக்கத்து வீட்டம்மா சொன்னார்:

"கோவிச்சுக்கிட்டு நடக்கிறியா செல்வி? ஏறிக்க. பாவம், அவரும் எம்புட்டு நேரந்தான் உருட்டிக்கிட்டே வருவாரு."

சிநேகிதரின் கைவேலை

சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மில் ரப்பர் புஷ் நைந்திருந்தது. புதுசு வாங்கி அடித்து இறக்கினேன். சக்கரத்தைத் தரையில் இறக்கிய பிறகுதான் போல்ட்டைக் கடைசியாக முறுக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி இறங்கும்போது ரப்பர் முறுகிக் கிழியும். ஆனால் மழை வந்துவிட்டது. ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போதே முறுக்கிவிட்டு வெளியே உருண்டேன். சில நாளிலேயே ரப்பர் கிழிந்து, சத்தம் திரும்பி வந்தது. ஸ்பேர் கடைக்குப் போய், டூப்ளிகேட் விற்கிறீர்களா என்று குதித்தேன். தொங்கவிட்டு முறுக்கினீர்களா என்று கடைக்காரர் கேட்டதும், நான் இல்லை, மாட்டியது ஒரு சிநேகிதர் என்று சொல்லிவிட்டேன். அவர் என் விரல்களைப் பார்த்தார்.

"சரிங்கண்ணே. அவரு கை கிரீஸு உங்க நகத்துல எப்படி வந்துச்சு?"

சாய்ந்தது எது?

தப்பு என் மேல் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. வாசலில் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். இடது பக்கம் சாய்ந்து நின்றது. ஸ்பிரிங் தளர்ந்துபோனதால்தான் புஷ் கிழிகிறது என்று நானே தீர்ப்புச் சொல்லி, இடது ஸ்பிரிங்குகளுக்குள் ரப்பர் கட்டைகளைத் திணித்தேன். வண்டி நிமிர்ந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வளைகாப்புக்கு முந்தின நாள் ஒரு மதுரைக் குடும்பத்தை ஏரிக்கு ஏற்றிப் போனேன். சமமான இடத்தில் நிறுத்தி இறங்கிப் பார்த்தால், வண்டி வலது பக்கம் சாய்ந்து நிற்கிறது. இத்தனை நாளாகச் சாய்ந்திருந்தது எங்கள் வாசல். மலையிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இது தோன்றவில்லை. அதைவிட என்னைக் கூசவைத்தது, வலது பக்கம் உட்கார்ந்திருந்த பருமனான அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னதுதான்:

"என்னாலதான சாயுது தம்பி? நான் வேணா அந்தப் பக்கம் மாறி உக்காந்துக்கிறேன்."

பூம்பாறையில்

எதையும் கழற்ற நேரமில்லை. அந்த வண்டியோடுதான் வளைகாப்புக்குப் போனேன். வளையல் அடுக்கி, கலவைச் சாதம் பரிமாறி எல்லாம் நல்லபடி முடிந்தது. கிளம்பும்போது சம்பந்தி வண்டியைச் சுற்றி வந்து, பானெட்டை ஒரு அழுத்து அழுத்தினார். லொடக் என்றது.

"கோவிச்சுக்காதீங்க சம்பந்தி. வயித்துப்பிள்ளக்காரிய இதுல ஏத்த மனசு வரல. பஸ்ஸு வெரசா வந்துரும்."

மகளும் செல்வியும் பஸ்ஸில் முன்னால் போனார்கள். நான் காலிச் சாத அண்டாக்களை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அண்டாவும் வண்டியும் மாறி மாறிக் கத்தின. கண் கலங்கிவிட்டது, மறைப்பதற்கென்ன. கொடைக்கானலில் இறங்கியதும் கலா கை நிறைய வளையலோடு என்னிடம் வந்தாள்.

"பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஊருக்குத் திரும்புறப்ப உங்க வண்டியிலதான்பா போவேன். அதுவரைக்கும் நீங்க அதுல கை வைக்காம இருங்க."

மறுநாளே வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டேன். வாசல்தான் இன்னும் இடது பக்கம் சாய்ந்து கிடக்கிறது, அதை மட்டும் நானே சரிசெய்துவிடலாம் என்றிருக்கிறேன்.